பழைய திரையைத் திட்டியவர்களே புதிய திரையையும் திட்டுவது ஏன்?

அலுவலக உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்தேறுகின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஓடும் பழைய மென்பொருளை ஊழியர்கள் நாள்தோறும் சபிக்கிறார்கள். சாம்பல் நிறத் திரை, புரியாத குறியீடுகள், எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாத பட்டன்கள். ஒரு நாள் நிர்வாகம் மனமிரங்கிப் பணம் ஒதுக்குகிறது. வடிவமைப்பாளர்கள் வருகிறார்கள். வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று புதியது வந்து சேருகிறது. சில வாரங்களில் அதே ஊழியர்கள், பழையதையே திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள்.

மாற்றம் என்றாலே மனிதர்களுக்குப் பிடிக்காது என்று நிர்வாகம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கும். பழியை முழுவதுமாக ஊழியர் தலையில் கட்டிவிடும் வசதியான விளக்கம் அது. இதே ஊழியர்கள்தாம் யாரும் சொல்லித்தராமலேயே கைப்பேசியில் புதுப்புதுச் செயலிகளைப் பழகிக்கொள்கிறார்கள். அவர்களுடைய புகாரில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ள, இந்த வகை மென்பொருளின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்மென்பொருள் என்பது எது?

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் வேலைக்காக மட்டும் வைத்திருக்கும் மென்பொருளே உள்மென்பொருள். சம்பளப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், சரக்கு இருப்பு, கொள்முதல் ஒப்புதல், காப்பீட்டுக் கோரிக்கை, நோயாளிப் பதிவு, வங்கியின் பின்னலுவலகக் கணக்கு எல்லாம் இதில் அடங்கும். வெளியாட்கள் கண்ணில் இவை படுவதில்லை. பொதுமக்களுக்கான செயலிகளிலிருந்து இவை மூன்று வகையில் மாறுபடுகின்றன.

1. பயனருக்கு வேறு வழி கிடையாது. பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு வேறொன்றை நிறுவ முடியாது. எனவே மோசமான வடிவமைப்புக்கான தண்டனை விற்பனைச் சரிவாக வெளியே தெரிவதில்லை. பிழைகளாகவும் கூடுதல் நேர வேலையாகவும் பயிற்சிச் செலவாகவும் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகிறது. எந்தக் கணக்கேட்டிலும் அதற்கென்று தனித் தலைப்பு கிடையாது.

2. வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு. விற்பனையாளரின் செயல்விளக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் மேலாளர்கள். அவர்களைக் கவர்வது வண்ண வரைபடங்கள் நிறைந்த முகப்புப் பக்கம். நாளெல்லாம் உட்கார்ந்து பதிவுகளை உள்ளிடப்போகிறவர் அந்த அறையில் இருப்பதில்லை.

3. ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. டிக்கெட் முன்பதிவு செய்யும் பயணி ஆண்டுக்குச் சில முறை அந்தத் தளத்துக்கு வருகிறார். அவருக்கு ஒவ்வொரு படியும் விளக்கமாக வேண்டும். கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஊழியர் அதே திரையை ஒரே நாளில் நூறு முறை திறக்கிறார். அவருக்கு விளக்கம் வேண்டாம், வழியை விட்டால் போதும்.

புதுப்பிப்புத் திட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான். பயணிக்கு ஏற்ற வடிவமைப்பைக் கொண்டுவந்து ஊழியரின் மேசையில் வைத்துவிடுகிறார்கள்.

திரை இப்படி ஆனதன் வரலாறு

பழைய திரைகளின் அழகின்மைக்கு வடிவமைத்தவர்களின் ரசனையைக் குறைசொல்லிப் பயனில்லை. 1928இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த துளை அட்டையில், அதாவது துளைகளாக விவரங்களைப் பதியும் அட்டையில், 80 பத்திகள் இருந்தன. ஒரு அட்டைக்கு ஒரு பதிவு என்பது அக்கால வழக்கம். 1971இல் அதே நிறுவனம் மையக் கணினியோடு இணைந்த 3270 என்ற திரை முனையங்களை வெளியிட்டபோது, 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள் என்ற வடிவம் நிலைபெற்றது. அந்தச் சிறிய பரப்புக்குள் பெயர், எண், தொகை, நிலை எல்லாவற்றையும் அடைக்க வேண்டுமென்றால் சொற்கள் சுருங்கித்தான் ஆக வேண்டும். "நிலுவை" என்று முழுதாக எழுத இடமில்லாதபோது ஓர் எண்ணோ இரண்டு எழுத்தோ அதன் இடத்தைப் பிடித்தது. பச்சை எழுத்துகள் ஒளிர்ந்த அந்தப் பச்சைத் திரைகளில் பிறந்த குறியீடுகள், அவற்றைப் பெற்றெடுத்த இடநெருக்கடி தீர்ந்த பிறகும் பிழைத்துக் கிடக்கின்றன.

இன்னொரு மரபும் அங்கிருந்தே வந்தது. முழுப் படிவத்தையும் நிரப்பி முடித்த பிறகே என்டர் விசை மொத்தத்தையும் ஒரே கட்டாக மையக் கணினிக்கு அனுப்பும். இடையில் கணினி குறுக்கே பேசாது. இதைப் பழமை என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பெட்டியைத் தாண்டும்போதும் சுழலும் வட்டம் காட்டும் இன்றைய படிவங்களைவிட அது கைவேகத்துக்கு இடம் கொடுத்தது.

பிரவுசர் காலத்திலும் கதை மாறவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும்படி எழுதப்பட்ட உள்மென்பொருள்கள் ஏராளம். 2022 ஜூன் 15 அன்று அந்த பிரவுசரின் 11ஆம் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. என்றாலும் எட்ஜ் பிரவுசருக்குள் அதே பழைய முறையில் தளங்களைத் திறக்கும் வசதியைக் குறைந்தது 2029 வரை தொடர்வதாக அறிவித்தது. இந்த மென்பொருள்களைக் கழற்றி எறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இங்கே ஒரு பிரிவினையை மனதில் கொள்ள வேண்டும். எந்த உள்மென்பொருளிலும் மூன்று அடுக்குகள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் திரை, எது செல்லும் எது செல்லாது என்று முடிவுசெய்யும் விதிகள், அடியில் கிடக்கும் தரவு. பழைய மென்பொருளில் விதிகள் திரைக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஒரு பெட்டியை நீக்கினால் எங்கோ ஒரு விதி செத்துப்போகும். "திரையை மட்டும் மாற்றினால் போதும்" என்று தொடங்கிய திட்டங்கள் பாதி வழியில் வீங்கிப்போவதன் காரணம் இதுதான்.

மூன்று பெட்டிகளும் 90 கோடி டாலரும்

வடிவமைப்பு என்பது ஒப்பனைச் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்குக் காட்ட ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குப் பலர் சேர்ந்து கொடுத்திருந்த கடனை நிர்வகிக்கும் முகவராக சிட்டிபேங்க் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று கடன் கொடுத்தவர்களுக்கு அது அனுப்ப வேண்டியிருந்தது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி. போய்ச் சேர்ந்தது கிட்டத்தட்ட 90 கோடி டாலர்.

நடந்தது இது. வங்கி பயன்படுத்திய ஃபிளெக்ஸ்கியூப் மென்பொருளில் அன்றைய பரிவர்த்தனையை நேரடியாகச் செய்ய வழியில்லை. முழுக் கடனையும் அடைப்பதுபோலப் பதிவுசெய்து, அசல் தொகையை மட்டும் வங்கிக்குள்ளேயே இருக்கும் ஓர் இடைக்கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் திரையில் "பிரின்சிபல்", "ஃபிரன்ட்", "ஃபண்ட்" என்ற மூன்று பெட்டிகளிலும் குறியிட்டு இடைக்கணக்கின் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஊழியர் முதல் பெட்டியை மட்டும் நிரப்பினார். அசல் என்ற பொருள்தரும் பெட்டி அதுதானே, அது போதும் என்று எண்ணுவதில் என்ன வியப்பு? உள்ளிட்டவர், சரிபார்த்தவர், இறுதி ஒப்புதல் தந்தவர் என மூன்று பேர் பார்த்தார்கள். மூவரும் அப்படியே நினைத்தார்கள்.

திரை எச்சரிக்கவும் செய்தது. நிதி வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு தொகை என்று சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியேதான் போகவேண்டும் என்பதால் அந்த எச்சரிக்கை அதைப் பார்த்த ஊழியருக்குச் சரியான நடைமுறையாகத் தெரிந்தது. ஏறத்தாழ 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் கீழமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது.

இதே வங்கியில் 2024 ஏப்ரலில் இன்னொரு கூத்து. 280 டாலர் வரவு வைக்க வேண்டிய ஒரு கணக்கில் 81 லட்சம் கோடி டாலர் வரவானது. அரிதாகப் பயன்படும் ஒரு மாற்றுத் திரையில் தொகைப் பெட்டி ஏற்கெனவே 15 பூஜ்யங்களுடன் வந்து நின்றது. உள்ளிடுபவர் அவற்றை அழித்துவிட்டு எழுத வேண்டும். அழிக்கவில்லை. இரண்டு பேர் கண்ணில் தப்பியதை ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாமவர் பிடித்தார். பணம் வங்கியை விட்டு வெளியேறவில்லை.

இவற்றை மனிதப் பிழை என்று பதிவுசெய்து கோப்பை மூடிவிடுவது எளிது. வடிவமைப்பாளர் பார்ப்பது வேறு:

1. பெட்டிகளின் பெயர்கள் மென்பொருளின் உள்ளமைப்பைச் சொல்கின்றன. செய்யப்போகும் வேலையைச் சொல்வதில்லை.

2. எச்சரிக்கை எப்போதும் ஒரே வாசகம். ஒரு நாளில் ஐம்பது முறை "நிச்சயமா?" என்று கேட்கும் திரைக்கு விரல் தானாகவே "ஆம்" சொல்லிவிடும். தொகையையும் பெறுநரையும் சொல்லாத எச்சரிக்கை இல்லாததற்குச் சமம். செய்ததைச் சிறிது நேரத்துக்குள் திரும்பப் பெறும் வசதி அதைவிட மேல்.

3. சரிபார்ப்பவரும் அதே குழப்பமான திரையைத்தான் பார்க்கிறார். கண்களின் எண்ணிக்கை கூடுவதால் காட்சி தெளிவாகிவிடாது.

பயன்பாட்டெளிமையை எப்படி வரையறுப்பது?

"எளிதாக இருக்கிறது" என்பது வெறும் அபிப்பிராயம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குச் சர்வதேசத் தர வரையறையே இருக்கிறது. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை மூன்று அளவுகோல்களை வைக்கிறது: வேலை சரியாக முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின, செய்தவருக்கு நிறைவு உண்டானதா. அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது. இன்ன பயனர், இன்ன நோக்கம், இன்ன சூழல் என்று குறிப்பிட்டே அளக்க வேண்டும். அதாவது, யாருக்கு, எந்த வேலைக்கு என்று சொல்லாமல் ஒரு திரையை நல்லது, கெட்டது என்று பேசவே முடியாது.

புதியவருக்கு நல்ல திரை, பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்குத் தொல்லையாக இருக்கலாம். இதை நிரூபித்த ஆய்வு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

அழைப்புக்கு 0.65 விநாடி

அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களின் பணித்திரைகளை மாற்ற எண்ணியது. கட்டண அழைப்புகளை இணைத்துத் தருவது அவர்களின் வேலை. ஓர் அழைப்புக்கு ஆகும் நேரம் சராசரியாக இருபது விநாடி அளவுதான். அதில் ஒரு விநாடி குறைந்தால் நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் மிச்சம். முன்மொழியப்பட்ட புதிய பணித்திரை எல்லா வகையிலும் மேலாகத் தெரிந்தது. தகவல் வேகமாகத் திரைக்கு வந்தது. அழுத்த வேண்டிய விசைகள் குறைந்தன. தோற்றமும் நவீனம். பலன் நிச்சயம் என்றே தோன்றியது.

வேய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் ஆட்வுட் ஆகிய மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு இங்கேதான் குறுக்கிட்டது. ஆபரேட்டரின் ஒவ்வொரு செயலையும் அவர்கள் பிரித்து எழுதினார்கள்: கேட்பது, பேசுவது, திரையைப் பார்ப்பது, யோசிப்பது, விசையை அழுத்துவது. இவற்றில் பல ஒரே நேரத்தில் நடக்கின்றன. வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டரின் விரல்கள் வேறு விசைகளை அழுத்தி முடித்துவிடுகின்றன. அந்த விசைகளுக்கு நேரச் செலவே இல்லை. வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

புதிய பணித்திரை குறைத்த விசைகள் பெரும்பாலும் இப்படி ஓய்வு நேரத்தில் விழுந்தவை. குறைத்ததால் மிச்சம் ஒன்றுமில்லை. அதே சமயம், முன்பு உரையாடலோடு ஒட்டி நடந்த சில விசையழுத்தங்களை அது அழைப்பின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. அங்கே மறைந்துகொள்ள எந்த உரையாடலும் இல்லை. ஒவ்வொரு விசையும் நேரடியாக அழைப்பை நீட்டியது. புதியது மெதுவாகத்தான் ஓடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நான்கு மாத நேரடிச் சோதனையும் அதையே காட்டியது: ஓர் அழைப்புக்குச் சராசரியாகச் சுமார் 0.65 விநாடி கூடுதல். ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் நஷ்டம். நிறுவனம் அந்தப் பணித்திரையை வாங்கவில்லை. ஆய்வு 1993இல் வெளியானது.

புதிய திரையைப் பார்த்து ஊழியர்கள் முணுமுணுக்கும்போது இந்த 0.65 விநாடியை நினைத்துக்கொள்வது நல்லது. அவர்களால் அதை எண்ணாகச் சொல்ல முடியாது. "என்னவோ இழுக்கிறது" என்றுதான் சொல்வார்கள். விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

அனுபவசாலிகள் இழப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்:

1. விசைப்பலகை வழி. டேப், என்டர், செயல்விசைகள் என்று கண்ணை எடுக்காமல் ஓடியவரை, ஒவ்வொரு பெட்டிக்கும் மவுஸைத் தேடவைப்பது.

2. நெருக்கம். முன்பு ஒரே திரையில் தெரிந்த நாற்பது விவரங்களை "நெரிசல்" என்று சொல்லி ஐந்து பக்கங்களாகப் பிரிப்பது. ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய இரண்டு எண்கள் வெவ்வேறு பக்கத்துக்குப் போய்விட்டால், ஊழியர் ஒன்றைத் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். வெற்றிடம் அழகுதான், வேலைக்கு உதவுகிறதா என்பது தனிக் கேள்வி.

3. மறுமொழி வேகம். கணினி இரண்டு விநாடிக்குள் பதில் சொன்னால் போதும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1982இல் ஐபிஎம்மைச் சேர்ந்த டோஹர்ட்டி, தடானி இருவரும் அதை மறுத்து, பதில் 0.4 விநாடிக்குக் கீழே இறங்கும்போது பயனரின் வேகமே கூடுகிறது என்று வாதிட்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் மனம் அடுத்த படியை மறந்துவிடுகிறது. அதை மீட்டெடுக்கவும் நேரம் ஆகிறது. பழைய பச்சைத் திரையில் கண் இமைக்குமுன் வந்த விவரம் புதிய பக்கத்தில் நான்கு விநாடி எடுத்தால், எந்த வண்ணமும் அதை ஈடுகட்டாது.

விதிவிலக்குகளில் ஒளிந்திருக்கும் வேலை

வடிவமைப்புப் பட்டறைகளில் வரையப்படும் செயல்வழிப் படங்கள் நேர்கோட்டில் இருக்கும்: விண்ணப்பம் வருகிறது, சரிபார்க்கப்படுகிறது, ஒப்புதல் ஆகிறது. மேலாளர்கள் விவரிக்கும் வேலையும் இதுவே. நடப்பது வேறு. விண்ணப்பித்தவர் பாதியில் பணியிடம் மாறியிருப்பார். தேதி பின்னோக்கித் திருத்தப்படும். ஒப்புதல் தர வேண்டியவர் நீண்ட விடுப்பில் இருப்பார். ஊழியரின் திறமைக்கு வேலை வைப்பது இந்த வகைக் கோப்புகள்தான். அவற்றைச் சமாளிக்கும் அறிவு எந்தக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருள் இதற்கு விலையுயர்ந்த பாடம். சுமார் 2,90,000 அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட 2016இல் அது நடைமுறைக்கு வந்தது. 80,000க்கும் மேற்பட்ட சம்பள விதிகளை அது கையாள வேண்டியிருந்தது. செலவையும் கால அளவையும் கட்டுக்குள் வைப்பதற்காக, இன்றியமையாதவை என்று அடையாளம் காணப்பட்டிருந்த 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திட்ட அதிகாரிகள் நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். முன்தேதியிட்ட சம்பளத் திருத்தமும் அவற்றில் ஒன்று. சம்பள அலுவலகங்களில் அனுபவம் மிக்கவர்களின் பணியிடங்களும் முன்கூட்டியே குறைக்கப்பட்டன. புதிய மென்பொருள் வந்தால் அவ்வளவு ஆட்கள் தேவையில்லை என்பது கணக்கு. விளைவு: சிலருக்குக் குறைவான சம்பளம், சிலருக்கு அதிகம், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. 2018இல் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று வருணித்தார்.

இதில் திரையின் அழகுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்டவைதான் வேலையின் உடம்பாக இருந்தன.

மறுவடிவமைப்பை எங்கே தொடங்குவது?

1. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. ஊழியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்த பதிலே வரும். வேலை நடக்கும்போது உடனிருந்து பார்த்தால் கேட்டுப் பெற முடியாதவை தெரியும். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள்களைப் படிக்க வேண்டும். திரை சொல்லாமல் விட்டதெல்லாம் அவற்றில் இருக்கும். ஊழியர் தனியாக வைத்திருக்கும் எக்ஸெல் கோப்பைப் பார்க்க வேண்டும். மென்பொருள் செய்யாத வேலையின் பட்டியல் அது. கட்டாயப் பெட்டி ஒன்றில் எல்லாப் பதிவுகளிலும் 0000 அல்லது வெறும் புள்ளி இருந்தால், அந்த விவரம் அந்தக் கட்டத்தில் யாரிடமும் இல்லை என்று பொருள். குறிப்பு எழுதும் பெட்டியின் தொடக்கத்தில் மூன்று நட்சத்திரக் குறி இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். "அவசரம்" என்பதைக் குறிக்க மென்பொருளில் இடமில்லாததால் அலுவலகம் தானே கண்டுபிடித்த வழியாக அது இருக்கலாம். தரவை மாற்றும்போது தேவையற்றது என்று அந்த நட்சத்திரங்களைத் துடைத்துவிட்டால், எந்தக் கோப்பு அவசரம் என்பது மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாது.

2. பயனர் வகைகளைப் பிரிப்பது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஒரு பிரபலமான கணக்கு உண்டு. யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டாவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் தந்த சூத்திரத்திலிருந்து வந்தது. ஒருவர் கண்ணில் சராசரியாக 31 சதவீதக் குறைகள் படும் என்ற அனுமானத்தில் ஐவருக்கு 85 சதவீதம் கிடைக்கிறது. அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளிடுபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், தணிக்கை செய்பவர் என நான்கு வகையினர் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

3. பெயர்களைச் சரிசெய்வது. செலவு குறைவு, பலன் அதிகம். அலுவலகத்தில் வாயால் சொல்லும் பெயரே திரையிலும் இருக்க வேண்டும். பழைய குறியீட்டெண்களை ஒரேயடியாக ஒழித்துவிடவும் கூடாது. எண்ணைத் தட்டினாலும் பெயரைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்வது புதியவர், பழையவர் இருவருக்கும் உதவும்.

4. நீக்குவது. எந்த அறிக்கையை யாரும் திறப்பதில்லை, எந்தப் பெட்டியை யாரும் நிரப்புவதில்லை என்பதைப் பயன்பாட்டுப் பதிவுகளே சொல்லும். ஆண்டு இறுதியில் ஒரே ஒரு முறை தேவைப்படும் திரையும் அந்தப் பட்டியலில் சிக்கும் என்பதால், நீக்குமுன் கணக்குப் பிரிவைக் கேட்டுக்கொள்வது நலம்.

5. எல்லோராலும் பயன்படுத்த முடிவது. பார்வைக் குறைபாடு உள்ளவர், மவுஸைப் பிடிக்க முடியாதவர் ஆகியோரும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். விசைப்பலகையால் மட்டுமே முழு வேலையையும் முடிக்க முடிவது அவர்களுக்கு உரிமை. மற்றவர்களுக்கு அதுவே வேகம்.

பழைய மென்பொருளைத் தொடாமல் அதன்மேல் புதிய திரையைப் போர்த்தும் குறுக்குவழியும் உண்டு. மறைவில் பழைய திரையைத் திறந்து, பெட்டிகளைத் தானாக நிரப்பி, விடையைப் படித்துவரும் நிரல் அது. அவசரத்துக்கு உதவும். பழைய திரையில் ஒரு பெட்டி இடம் மாறினாலும் மேலே இருப்பது உடைந்துபோகும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரே இரவிலா, துண்டு துண்டாகவா?

ஒரு குறிப்பிட்ட நாளில் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது ஒரு முறை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் அப்படித்தான் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். கிளைகளும் தடுமாறின. இயல்பு நிலை முழுமையாகத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

இன்னொரு முறைக்கு மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் ஒரு மரத்தின் பெயரை வைத்தார். மற்றொரு மரத்தின் மேல் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, மெல்ல மெல்லத் தாங்கும் மரத்தையே சூழ்ந்துகொண்டு தன் காலில் நின்றுவிடும் அத்தி வகை மரம் அது. மென்பொருளிலும் அப்படித்தான்: ஒரு வேலையை மட்டும் புதியதில் எழுதி, அதற்கான கோரிக்கைகளை மட்டும் அங்கே திருப்பிவிட்டு, மற்றவை பழையதிலேயே ஓட விடுவது. பிறகு அடுத்த வேலை. தவறு நடந்தாலும் ஒரு கிளைதான் பாதிக்கப்படும். திருப்பிவிட்டதைத் திரும்பப் பெறவும் முடியும்.

இந்த முறைக்கும் செலவு இருக்கிறது. இரண்டு அமைப்புகளிலும் தரவு ஒத்துப்போக வேண்டும். காலையில் ஒரு திரையிலும் மாலையில் மற்றொன்றிலும் வேலை செய்யும் இடைக்காலம் ஊழியருக்குச் சலிப்பூட்டும். என்றாலும் பல்லாயிரம் விதிகள் கொண்ட அமைப்புக்கு வேறு முறை சூதாட்டத்துக்குச் சமம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அளக்க வேண்டியவை

மாற்றத்துக்கு முன்பே அளந்து வைக்காவிட்டால், மாற்றத்துக்குப் பிறகு சொல்வதெல்லாம் அபிப்பிராயம்தான். ஒரு கோப்பை முடிக்க எத்தனை நிமிடம், நூறு கோப்புகளில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்புகின்றன, உதவி மையத்துக்கு எத்தனை அழைப்புகள் என்ற மூன்று எண்கள் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும். நிறைவை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். பலதரப்பட்ட மென்பொருள்களின் சராசரி 68 என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒப்பீட்டு அளவு. அது சதவீதம் இல்லை என்பதால், 70 வந்ததும் முதல் வகுப்புத் தேர்ச்சி என்று கொண்டாடக் கூடாது.

எண்களை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். முதல் வாரங்களில் வேகம் குறைவது இயல்பு. கை புதிய வழிக்குப் பழக வேண்டும். அந்தச் சரிவை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றது என்று முடிவுகட்டுவது தவறு. "பழகினால் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே ஆண்டைக் கடத்துவதும் தவறு. மூன்று மாதம் கழித்தும் அனுபவசாலிகளின் வேகம் பழைய அளவைத் தொடவில்லை என்றால், அங்கே ஒரு 0.65 விநாடி எங்கோ ஒளிந்திருக்கிறது, தேட வேண்டும். தேடித் திருத்துவதற்கு ஆட்களும் பணமும் மீதி இருக்க வேண்டும் என்பதால், வெளியீட்டு நாளோடு வடிவமைப்புக் குழுவைக் கலைத்துவிடும் ஒப்பந்தங்கள் இந்த வகை வேலைக்குப் பொருந்துவதில்லை.

கடைசியாக ஒரு நிர்வாக விஷயம்: பழையதை அணைக்கும் தேதி. சட்டப்படி பாதுகாக்க வேண்டிய பழைய பதிவுகளைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் வடிவில் தனியே வைக்க வேண்டும். பழையதிலிருந்து மட்டும் எடுக்கப்படும் அறிக்கைகளுக்கு மாற்று வேண்டும். இரண்டுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும். திட்டத்தின் தொடக்கத்திலேயே இவற்றை எழுதிவைக்காத நிறுவனங்களில் பழையதும் புதியதும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஓடுகின்றன. ஊழியர் இரண்டிலும் உள்ளிட்டுக்கொண்டிருப்பார்.